உடைந்த போல்ட்டை இன்ஜினிலிருந்து எடுப்பது எப்படி? உப்புக்காற்று ஊர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆறு மில்லிமீட்டர் பருமனுள்ள ஒரு ஸ்டட், அதாவது தலையில்லாத போல்ட், எனக்கு 2,450 ரூபாயும் ஒன்பது நாளும் செலவு வைத்தது. திசையன்விளையில் எங்கள் வீட்டுப் பழைய 100 சிசி பைக்கில், சைலன்சர் பைப் இன்ஜினோடு சேரும் இடத்தில் புகை கசிந்தது. கசிவைத் தடுக்கும் கேஸ்கட் வளையத்தை மாற்றினால் போதும், பத்து நிமிட வேலை என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பானரை எடுத்தேன். முதல் நட்டு கழன்று வந்தது. இரண்டாவது நட்டு, ஸ்டட்டின் பாதியையும் தன்னோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. மீதி, சிலிண்டரின் மூடியான ஹெட்டுக்குள் நின்றுவிட்டது.

நான் மெக்கானிக் இல்லை. தவறு செய்வதற்கு இருந்த வாய்ப்புகளில் ஒன்றைக்கூட விடாமல் செய்து முடித்த பிறகுதான், உவரியில் படகு இன்ஜின் பார்க்கும் ஓர் அண்ணாச்சியிடம் போய் உட்கார்ந்தேன். கடலோரத்தில் இன்ஜின் பார்க்கிறவருக்குத் துருப்பிடித்த போல்ட் அன்றாடப் பாடு. அவர் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு நேரம் ஊற வைத்தீர்கள் தம்பி?" அரை மணி நேரம் என்றேன். "அரை மணி நேரத்தில் உளுந்துகூட ஊறாதே" என்றார்.

அவரிடம் கற்றதையும் நான் பட்டதையும் சேர்த்து இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படி தோற்றால்தான் தேவைப்படும். நான் நேராக ஏழாவது படியில் போய் விழுந்தவன்.

1. கை வைக்கும் முன் காகிதங்கள்

வண்டி உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் ஸ்பானரைக் கீழே வையுங்கள். உத்தரவாத அட்டையையும் சர்வீஸ் பில்களையும் எடுத்துக்கொண்டு வண்டி வாங்கிய இடத்துக்குப் போங்கள். வெளியே பிரித்த இன்ஜினுக்கு உத்தரவாதம் மறுக்கப்படலாம். போல்ட்டை நீங்களே உடைத்துவிட்டுப் போனால் பேச்சுக்கே இடமில்லை. வழக்கமான வாகன இன்சூரன்ஸ் விபத்து, திருட்டு போன்றவற்றுக்குத்தான். துருவுக்கும் உடைந்த போல்ட்டுக்கும் அதில் பணம் வராது.

உத்தரவாதம் முடிந்த வண்டி என்றால் இரண்டு காகிதங்கள் தேவை. ஒன்று, உங்கள் மாடலுக்கான சர்வீஸ் கையேட்டில் அந்தப் போல்ட்டின் அளவும் இறுக்க அளவும் உள்ள பக்கம். இன்னொன்று ஆர்.சி. புத்தகம். போல்ட்டுக்கும் ஆர்.சி.க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இன்ஜின் எண் பொதுவாக இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸ் மேல்தான் பொறிக்கப்பட்டிருக்கும். அதன் அருகே கிரைண்டரோ வெல்டிங்கோ பட்டு எண் அழிந்தால், அடுத்த முறை எஃப்.சி.க்கோ பெயர் மாற்றத்துக்கோ போகும்போது மாட்டிக்கொள்வீர்கள். கிராங்க் கேஸையே மாற்றும்படி ஆனால் இன்ஜின் எண் பிரச்சினை நிச்சயம் வரும். இன்ஜின் மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. வாங்கும் பொருளுக்குப் பில் இல்லாமல் அங்கே போய் நிற்க முடியாது. ஆகவே வேலை தொடங்கும் முன் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து, அந்த இடத்தைத் துணியால் மூடி டேப் ஒட்டிவிடுங்கள்.

2. நோய் எது என்று பாருங்கள்

மூன்று வகை உண்டு. இறுகிப்போன போல்ட் முழுசாக இருக்கிறது, திரும்பவில்லை. தலை மழுங்கிய போல்ட்டில் ஸ்பானர் வழுக்குகிறது. மூன்றாவது, உடைந்தது. முதல் இரண்டும் உங்கள் கையில் இருக்கும் காரியம். மூன்றாவதை நாம்தான் உண்டாக்குகிறோம்.

போல்ட் எதில் மாட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். பைக் இன்ஜின் பெரும்பாலும் அலுமினியம், போல்ட் எஃகு. இரண்டும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி மரைக்குள் சிமெண்ட் போல இறுகும். உவரி, கூடங்குளம், இடிந்தகரைப் பக்கம் ஓடுகிற வண்டிகளில் இதுதான் கதை. கடலுக்குத் தள்ளியிருக்கும் அம்பாசமுத்திரத்து வண்டியும் எங்கள் ஊர் வண்டியும் ஒரே வயதாக இருந்தாலும் போல்ட்டுகளுக்கு ஒரே வயது இல்லை. டிராக்டர், பழைய டீசல் இன்ஜின்களில் வார்ப்பிரும்பு இருக்கும். அங்கே செந்துரு. வார்ப்பிரும்பு சூட்டைத் தாங்கும், அலுமினியம் தாங்காது. இந்த வித்தியாசம் ஐந்தாவது படியில் உங்கள் இன்ஜினைக் காப்பாற்றும்.

3. ஊற வைத்தல்: இரண்டு இரவு

கம்பிப் பிரஷ்ஷால் மரை தெரியும் இடத்தை நன்றாகத் தேயுங்கள். மண்ணும் கரியும் மூடியிருந்தால் எந்த எண்ணெயும் உள்ளே இறங்காது. பிறகு துரு நீக்கி எண்ணெய். கடையில் கேட்டால் பலரும் டபிள்யூ.டி. 40 டின்னைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அது முதன்மையாக ஈரத்தை விரட்ட உருவானது. கிடைத்தால், ஊடுருவும் எண்ணெய் என்றே தனியாக விற்கும் ஸ்பிரேயை வாங்குங்கள். எனக்கு 260 ரூபாய் ஆயிற்று. தானியங்கி கியர் பெட்டி எண்ணெயான ஏ.டி.எஃப்.பையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து பயன்படுத்துகிறவர்களும் உண்டு. நன்றாக வேலை செய்யும். ஆனால் அசிட்டோன் பெட்ரோலைப் போலவே பற்றிக்கொள்ளும். அந்தக் கலவை பட்ட இடத்தில் அன்றைக்கு நெருப்பு வைக்கக் கூடாது.

அண்ணாச்சி எண்ணெயை ஸ்பிரே அடிப்பதே இல்லை. மருந்துக்கடையில் வாங்கிய ஐந்து மில்லி ஊசிக் குழாயில் இழுத்து, மரையின் ஓரத்தில் துளித் துளியாக விடுவார். மேல்நோக்கி நிற்கும் போல்ட் என்றால் அதைச் சுற்றிச் சப்பாத்தி மாவால் ஒரு சின்ன வரப்பு கட்டி, உள்ளே எண்ணெய் தேங்கும்படி வைப்பார். வயலில் தண்ணீர் நிறுத்துவது போலத்தான். நம் 100 சிசி பைக்குகள் பலவற்றில் சிலிண்டர் முன்னோக்கிப் படுத்திருப்பதால் சைலன்சர் ஸ்டட்டுகள் கீழ்நோக்கித் தொங்கும். அங்கே வரப்பு நிற்காது. காட்டன் வேஸ்ட்டை எண்ணெயில் நனைத்து ஸ்டட்டைச் சுற்றிக் கட்டி, மேலே பாலிதீன் தாளைச் சுற்றுங்கள்.

காலையும் மாலையும் எண்ணெய் விட்டு, ஒவ்வொரு முறையும் போல்ட்டின் தலையில் சிறிய சுத்தியலால் பத்துப் பதினைந்து தட்டு. அடி வேண்டாம், கதவைத் தட்டுவது போலப் போதும். அந்த அதிர்வில்தான் துருவில் மயிரிழை வெடிப்பு விழுந்து எண்ணெய் இறங்கும். வெள்ளிக்கிழமை மாலை தொடங்கினால் ஞாயிறு காலை திருப்பிப் பார்க்கலாம்.

4. திருப்புதல்

அறுகோணச் சாக்கெட்டைத்தான் போடுங்கள். பன்னிரண்டு முனை உள்ள ரிங் ஸ்பானர் மூலைகளை மட்டும் பிடித்து மழுக்கிவிடும். இரு பக்கமும் திறந்த ஸ்பானர் பேச்சே வேண்டாம்.

முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு திருப்புங்கள். இது நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் துருவின் பிடி அந்தப் பக்கம் விட்டால் இந்தப் பக்கமும் விடும். பிறகு கழற்றும் பக்கம். கால் சுற்று வந்தால் நிறுத்தி, எண்ணெய் விட்டு, பாதி திரும்ப இறுக்கி, மறுபடி கழற்றுங்கள். 'கிறீச்' என்று சத்தம் வந்தால் நல்லது, மரை நகர்கிறது என்று பொருள்.

சத்தமே இல்லாமல், ரப்பரைத் திருகுவது போல மெத்தென்று ஸ்பானர் வந்தால் அந்தக் கணமே கையை எடுத்துவிடுங்கள். போல்ட் திரும்பவில்லை, முறுக்கேறிக்கொண்டிருக்கிறது. என் கையில் அது வந்தது. கழல்கிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். முருங்கைக்காய் ஒடிகிற சத்தம்தான் கேட்டது. ஸ்பானரில் பைப்பைச் செருகி நீளம் கூட்டுகிற பழக்கம் லாரிச் சக்கரத்துக்குச் சரி, 6 மி.மீ. ஸ்டட்டுக்கு அது கொலை.

5. சூடு

மூன்றும் நான்கும் பலிக்கவில்லை என்றால் சூடு. ஒரே அளவு சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஆகவே போல்ட்டை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்க வேண்டும். துளை விரிவது தலைமுடிப் பருமனில் ஒரு சிறு பங்குதான். துருவின் பிடி விட அது போதும்.

எவ்வளவு சூடு? ஒரு துளி தண்ணீர் விட்டால் தோசைக்கல்லில் போலத் தெறித்து ஓட வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். இரும்பு உருகும் முன் சிவந்து எச்சரிக்கும். இன்ஜின் அலுமினியம் 660 டிகிரிக்கும் முன்பே உருகும், அதுவரை நிறம் மாறிக் காட்டாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழும். ஹீட் கன் இருந்தால் அதுவே நல்லது. கேஸ் டார்ச் என்றால் நெருப்பை ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருங்கள்.

சூடாக இருக்கும்போது ஒரு மெழுகுவர்த்தியை மரையின் ஓரத்தில் தொடுங்கள். மெழுகு உருகி இடுக்கில் உறிஞ்சப்படுவதைக் கண்ணால் பார்க்கலாம். இது பழைய பட்டறை வித்தை, காசு ஐந்து ரூபாய்.

பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூரத்தில் வைத்துவிட்டுத்தான் இதையெல்லாம் செய்ய வேண்டும். கார்புரேட்டரையும் காலி செய்யுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்பு காட்டவே கூடாது, வரும் புகை நச்சு.

6. உடைந்த துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்

நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மரை வெளியே இருந்தால் இரண்டு நட்டுகளைப் பூட்டி, ஒன்றோடொன்று நெருக்கி இறுக்கி, உள்பக்க நட்டைக் கழற்றும் பக்கம் திருப்புங்கள். அதைவிடக் குறைவாக இருந்தால் வைஸ் கிரிப், அதாவது இறுகப் பூட்டிக்கொள்ளும் குறடு. ஒருமுறை வழுக்கினால் இறுக்கத்தைக் கூட்டிவிட்டுப் பிடியுங்கள். வழுக்க வழுக்கத் திருப்பிக்கொண்டே இருந்தால் துண்டு பென்சில் முனை ஆகிவிடும்.

மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் தெரிகிறது என்றால் வெல்டிங் பட்டறை. ஒரு நட்டைத் துண்டின் மேல் வைத்து, நட்டின் துளை வழியாக உள்ளே வெல்டு நிரப்பச் சொல்லுங்கள். எஃகு வெல்டு அலுமினியத்தில் ஒட்டாது என்பதால் பயப்பட வேண்டாம். வெல்டின் சூடும் சேர்ந்துகொள்வதால் பெரும்பாலும் நட்டைத் திருப்பினால் துண்டு வந்துவிடும். சிவப்பு தணியும்வரை பொறுத்து, கை வைக்க முடியாத சூடு இருக்கும்போதே திருப்ப வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்கு 150 ரூபாய் கேட்கிறார்கள். பேட்டரி வயரைக் கழற்றாமல் வெல்டு வைக்க விடாதீர்கள். பெட்ரோல் இன்ஜெக்ஷன் உள்ள புது வண்டி என்றால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இ.சி.யூ.வின் சாக்கெட்டையும் உருவிவிடுங்கள்.

7. மட்டமாகவோ உள்ளேயோ உடைந்திருந்தால்

இங்கேதான் நான் கெட்டேன். பைக்கைச் சாய்த்து, தரையில் மல்லாந்து படுத்து, முகத்தில் இரும்புத் தூள் விழ, கீழிருந்து மேலாக டிரில்லிங் மெஷினைப் பிடித்தேன். துளை ஒரு பக்கமாக ஓடி, எஃகை விட்டு மெத்தென்ற அலுமினியத்தில் பாய்ந்தது. எஃகை விட அலுமினியம் இளகியது. டிரில் எப்போதும் எளிதான வழியைத்தான் தேடும்.

ஆகவே முதல் விதி: கீழ்நோக்கிய துளை என்றால் ஹெட்டைக் கழற்றி மேசையில் வைத்துச் செய்யுங்கள். டைமிங் செயின் குறி பார்த்துக் கழற்றிப் பூட்டத் தெரியாதவர்கள் இந்த வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் விடலாம். எனக்குக் கழற்றிப் பூட்ட 500 ரூபாய், ஹெட் கேஸ்கட்டுக்கு 250.

இரண்டாவது, நடு. உடைந்த முகம் மேடு பள்ளமாக இருக்கும். சிறிய அரத்தால் சமப்படுத்துங்கள். சென்டர் பஞ்சை (புள்ளி குத்தும் கூர்முனை உளி) நடுவில் வைத்து மெல்லத் தட்டி, பூதக்கண்ணாடியில் பாருங்கள். நடு தவறியிருந்தால் பஞ்சைச் சாய்த்து வைத்துத் தட்டிப் புள்ளியை நகர்த்துங்கள். சரியாக அமைந்த பிறகுதான் ஓங்கி ஒரு அடி. இதற்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் தகும். அடுத்த எல்லாம் இந்தப் புள்ளியைப் பொறுத்தது.

மூன்றாவது, டிரில். ஹெச்.எஸ்.எஸ். என்று போட்ட நல்ல பிட் வாங்குங்கள். 6 மி.மீ. போல்ட்டுக்கு 2 மி.மீ. பிட்டில் தொடங்கி 3க்குப் போகலாம். குறைந்த வேகம், சொட்டுச் சொட்டாக எண்ணெய், அழுத்தம் நேர்க்கோட்டில். சுருள் சுருளாகச் சீவல் வந்தால் சரியாக வெட்டுகிறது. தூளாக வந்து கிறீச்சிட்டால் பிட் மழுங்கிவிட்டது. மழுங்கிய பிட்டோடு மல்லுக்கட்டினால் உடைந்து உள்ளே தங்கிவிடும்.

இடப்பக்கம் சுற்றும் டிரில் பிட் என்று ஒன்று உண்டு. மெஷினைப் பின்னோக்கிச் சுழலவிட்டுத் துளைக்க வேண்டும். துளைக்கும்போதே கழற்றும் பக்கம் முறுக்கு விழுவதால் பல சமயம் துண்டு தானே சுழன்று வெளியே வந்துவிடும். நம் பக்கத்துக் கடைகளில் எனக்குக் கிடைக்கவில்லை, தபாலில்தான் வரவழைத்தேன். போல்ட் உடையும் முன்பே வாங்கி வைத்திருப்பது உத்தமம்.

நான்காவது, ஈஸி அவுட். துளைக்குள் செருகி இடப்பக்கம் திருகினால் பிடித்துக்கொண்டு துண்டை வெளியே கொண்டுவரும் கூம்புத் திருகு. ஐந்து உருப்படி கொண்ட செட் 320 ரூபாய்க்கு வாங்கினேன். பெயரில் உள்ள 'ஈஸி'யை நம்ப வேண்டாம். முழுப் போல்ட்டையே அசைக்க முடியாத துருவை, அதைவிட மெலிந்த இந்தத் திருகு எப்படி அசைக்கும்? சூடு காட்டி, ஊற வைத்து, துண்டின் பிடி தளர்ந்த பிறகே இது உதவும். அதோடு கூம்பு உள்ளே இறங்க இறங்கத் துண்டை அகட்டி இன்னும் இறுக்கும். டேப் (மரை வெட்டும் கருவி) பிடிக்கும் ஹேண்டிலில் மாட்டி இரண்டு விரல் பலத்தில் திருப்பிப் பாருங்கள். வரவில்லையா, விட்டுவிடுங்கள். நான் விடவில்லை. ஈஸி அவுட் உள்ளே உடைந்தது. அது கடும் எஃகு, சாதாரணப் பிட் அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரு துண்டு இருந்த இடத்தில் இரண்டு துண்டு ஆயிற்று.

பயந்தவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஈஸி அவுட்டே வேண்டாம் என்று, நடு பிசகாத துளையைப் படிப்படியாக 5 மி.மீ. வரை பெரிதாக்குங்கள். 6 மி.மீ. மரைக்கு அடித்துளை அளவு அதுதான். மிஞ்சுவது மரையின் இடுக்கில் ஒட்டிய மெல்லிய சுருள், அதைக் கூர்முனைக் கம்பியால் நெம்பி எடுத்து, டேப் ஓட்டிச் சுத்தம் செய்யலாம். 8 மி.மீ. போல்ட்டுக்கு அடித்துளை 6.8 மி.மீ.

8. லேத் பட்டறைக்குப் போகும்போது

ஹெட்டைப் பழைய நாளிதழில் சுற்றி மஞ்சள் பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போனேன். பக்கத்து இருக்கைப் பாட்டி பலகாரமா என்று கேட்டார்.

எல்லா லேத் பட்டறையும் இதைச் செய்யாது. 'மில்லிங் மெஷினில் கார்பைட் கட்டர் போட்டு உடைந்த ஈஸி அவுட்டை எடுப்பீர்களா, ஹெலிகாயில் போடுவீர்களா' என்று முன்பே போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஹெலிகாயில் என்பது கெட்ட மரைக்குப் பதில் செருகும் கம்பிச் சுருள். ஸ்பார்க் எரோஷன் இயந்திரம் உள்ள இடம் என்றால் எவ்வளவு கடும் எஃகையும் பொறியால் அரித்து எடுத்துவிடுவார்கள், சுற்றியுள்ள மரைக்குச் சேதம் இருக்காது. கூலி கூடும்.

போகும்போது கொண்டுபோக வேண்டியவை: நல்ல நிலையில் உள்ள ஜோடி ஸ்டட், சைலன்சர் பைப்பின் விளிம்பு வளையம், சர்வீஸ் கையேட்டுப் பக்கத்தின் படம். வளையத்தை வைத்துப் பார்த்தால்தான் புதுத் துளையின் நடு சரியா என்று தெரியும். நான் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போய், இன்னொரு நாள் பஸ் ஏறினேன். 'ஹெட்டை விட்டுவிட்டுப் போங்கள், பிறகு பார்க்கலாம்' என்றால் கூலியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். முதலில் நான் விசாரித்த ஒரு கடையில் ஹெட்டையே மாற்ற வேண்டும், 4,500 ஆகும் என்றார்கள். கடைசியில் வேலை 800 ரூபாயில், ஹெலிகாயிலும் சேர்த்து முடிந்தது.

நாளும் பாருங்கள். ஞாயிறு விடுமுறை. ஆயுத பூஜையை ஒட்டிய நாட்களில் மெஷினைக் கழுவிப் பொட்டு வைத்துவிடுவார்கள், கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று திருநெல்வேலி டவுன் பக்கம் ஹெட்டைத் தூக்கிக்கொண்டு போக நினைக்கவே வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு இன்ஜின்கள் கரைக்கு வரும் பருவம் அது. கடலோரப் பட்டறைகளில் உங்கள் பைக் ஸ்டட்டுக்கு முறை வரத் தாமதமாகும்.

9. மரையும் பூட்டலும்

மரை கெட்டிருந்தால் ஹெலிகாயில். 6 மி.மீ. ஹெலிகாயிலுக்குத் துளையை ஏறத்தாழ 6.3 மி.மீ. ஆக்கி, அதற்கே உரிய தனி டேப் ஓட்டி, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிச் சுருளைச் செருகுவார்கள். அலுமினியத்தின் பழைய மரையைவிட இது உறுதியானது. கூச்சப்படத் தேவையில்லை. எம்-சீல் வைத்து அடைத்து மரை போடலாம் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சைலன்சர் வாயின் சூட்டில் அது நிற்காது.

பழைய ஸ்டட் ஒன்று நல்லதாகத் தெரிந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். போல்ட் என்றால் தலையில் வலிமையைக் குறிக்கும் எண்ணைப் பாருங்கள். 8.8 இருந்த இடத்தில் 4.8 போட்டால் அடுத்த முறை இன்னும் சுலபமாக உடையும். சைலன்சர் ஸ்டட்டுக்குப் பித்தளை நட்டு கிடைத்தால் அதையே போடுங்கள். பித்தளை எஃகோடு துருவாக இறுகாது. இரண்டு ஸ்டட், நட்டுகள், சைலன்சர் கேஸ்கட் சேர்த்து எனக்கு 140 ரூபாய். டிரில் பிட்டுகளுக்கு 180 போயிருந்தது. பஸ் காசை நான் கணக்கில் சேர்க்கவில்லை. உடைந்த அன்றே பொறுமையாக ஊற வைத்து வெல்டிங் பட்டறைக்குப் போயிருந்தால் எண்ணெய் 260, வெல்டு 150, உதிரி 140, மொத்தம் 550 ரூபாயில் முடிந்திருக்கும்.

மரையில் காப்பர் கிரீஸ் மெல்லியதாகத் தடவிப் பூட்டுங்கள். இறுக்கத்துக்குக் கையேட்டில் உள்ள அளவே இறுதி. பொதுவாக 6 மி.மீ. மரைக்கு 10 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். இறுக்க அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: 10 செ.மீ. நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் 10 கிலோ எடை தொங்கினால் எவ்வளவோ அவ்வளவு. கிரீஸ் தடவிய மரைக்கு அதிலும் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நட்டையும் மாறி மாறி, கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் வளையம் கோணி மறுபடி புகை கசியும்.

இன்ஜினை ஓட்டிச் சூடேற்றி, முழுதும் ஆறிய பிறகு ஒருமுறை இறுக்கம் பாருங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை. கடற்கரைக்குப் போய் வந்த அன்று, இன்ஜின் ஆறியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, நட்டின் மேல் ஒரு விரல் காப்பர் கிரீஸ் பூசிவிட்டால் போதும். எங்கள் வண்டியில் இப்போது அந்த நட்டு சிரமமில்லாமல் கழல்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பூட்டிப் பார்க்கிறேன். சென்ற முறை ஸ்பானர் வைத்ததும் 'கிறீச்' என்றது.